பழைய லெக்ஸஸ் ஆர்எக்ஸ் வாங்கலாமா? ஒரு வண்டியின் கேஸ் ஹிஸ்டரி

நீண்ட த்ரெட் மக்களே. இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. வண்டிக் கதை. டீயோட உட்காருங்க.

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு நியூ ஜெர்சியிலிருந்து போன். எம்பிபிஎஸ் படிச்ச காலத்து ரூம்மேட். "டேய், பொண்ணு ரெசிடென்சி சேர்ந்துட்டா. நைட் டியூட்டி, பனி, ஹைவே. சின்ன கார்ல அனுப்ப மனசு வரலை. ஒரு பழைய லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 350 வருது. 2007 மாடல், 1,30,000 மைல். லெக்ஸஸ் தானே, கண்ணை மூடிட்டு வாங்கிடலாம்ல?"

1,30,000 மைல்னா நம்ம கணக்குல 2,09,000 கிலோமீட்டர்.

அந்தக் 'கண்ணை மூடிட்டு'தான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஓபியில் இதே பேச்சை வேற ரூபத்துல தினமும் கேக்குறேன். "எங்க குடும்பத்துல எல்லாரும் தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாங்க டாக்டர், எனக்கு எதுக்கு செக்கப்?" குடும்பத்தைப் பத்தி அவர் சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா என் எதிர்ல உட்கார்ந்திருக்கிற இந்த ஒருத்தரோட ரத்தக்குழாய் எப்படி இருக்குன்னு அது சொல்லாது.

அதனால நண்பனுக்கு ஆமாம், இல்லைன்னு சொல்லாம முழுக் கதையையும் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதறேன். (நான் ஓட்டுறது ஒரு சாதாரண ஹேட்ச்பேக். கார் பைத்தியம் மட்டும் சின்ன வயசுலேர்ந்து.)

முதல்ல லெக்ஸஸுக்கு அந்த நல்ல பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம்.

1983-ல டொயோட்டா தலைவர் ஏஜி டொயோடா, உலகத்திலேயே சிறந்ததோட போட்டி போடுற ஒரு கார் வேணும்னு சொல்லி ஆரம்பிச்ச வேலை, 1989-ல அமெரிக்காவுல லெக்ஸஸ் எல்எஸ் 400 ஆக வெளியே வந்தது. கடை திறந்து சில மாசம்தான். டிசம்பர்ல புகார் வருது. எத்தனை தெரியுமா? ரெண்டு. ஒருத்தருக்கு ஒயரிங் கோளாறு, இன்னொருத்தருக்கு பிரேக் லைட் சூடாகுது.

அந்த ரெண்டு புகாருக்காக அதுவரைக்கும் வித்த சுமார் 8,000 வண்டிகளையும் திரும்ப அழைச்சாங்க. அதுவும் 'நீங்க கொண்டு வாங்க'ன்னு சொல்லலை. ஆள் அனுப்பி வண்டியை எடுத்து, சரி பண்ணி, வீட்டுக்கே திருப்பி விட்டாங்க. தூரத்து ஊர்க்காரங்களுக்காக மெக்கானிக்கை விமானத்துல அனுப்பி, அங்கேயே கராஜ் வாடகைக்கு எடுத்து வேலை பார்த்தாங்க. இருபது நாள்ல முடிஞ்சது. புது பிராண்டைக் கொன்னுடும்னு எல்லாரும் நினைச்ச ரீகால், அந்த பிராண்டோட பேரையே தூக்கி நிறுத்திடுச்சு.

இந்த 'ரெண்டு புகார்' விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் தேவைப்படும்.

தொண்ணூறுகளின் நடுவுல லெக்ஸஸுக்கு நேரம் சரியில்லை. யென் மதிப்பு ஏறி வண்டி விலை கூடிப்போச்சு. 1995 மே மாசம் அமெரிக்க அரசு ஜப்பானிய சொகுசு கார்கள் 13 மாடல்களுக்கு நூறு சதவீத வரி போடுவோம்னு மிரட்டினது. ஜூன் கடைசியில் சமரசம் ஆச்சு. இன்னொரு பக்கம், அமெரிக்கர்கள் செடான் காரை விட்டு எஸ்யூவி பக்கம் சாயறாங்க. லெக்ஸஸ் கையில இருந்தது லேண்ட் க்ரூஸருக்கு வேஷம் போட்ட எல்எக்ஸ் 450 மட்டும்.

அப்போ எஸ்யூவின்னா லாரி மாதிரி. கீழே தனியா இரும்புச் சட்டம், அதுக்கு மேல பாடி. பள்ளத்துல விழுந்து எழுந்திரிக்கும். ஆனா அதை வாங்கினவங்க போன இடம் ஸ்கூல், ஆபீஸ், சூப்பர் மார்க்கெட். பள்ளத்துக்கு யாருமே போகலை! வேணுங்கிறது உயரமான சீட், பனியில வழுக்காத நாலு வீல் டிரைவ், கார் மாதிரி சொகுசு. இதை டொயோட்டா கவனிச்சது. கேம்ரி காரோட அடித்தளத்தை எடுத்து, சட்டமும் பாடியும் ஒண்ணா இருக்கிற மாதிரி உயரமான ஒரு வண்டியைக் கட்டினது. 1997 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில மாதிரி வண்டி. அதே வருஷம் டிசம்பர்ல ஜப்பான்ல விற்பனை. 1998 மார்ச்ல அமெரிக்காவுக்கு லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 300-ஆ வந்தது. மூணு லிட்டர் வி6, 220 குதிரைசக்தி.

ஆர்எக்ஸ்! நாங்க மருந்துச் சீட்டுல மேலே போடுற அதே ரெண்டு எழுத்து. டாக்டர்கள் இந்த வண்டியில விழுந்ததுக்கு அது காரணமில்லைன்னு நம்புறேன்.

ஜப்பான்ல இதுக்குப் பேர் டொயோட்டா ஹாரியர். பூனைப்பருந்து. முன்னாடி பறவைச் சின்னமே இருக்கும். 2005 வரைக்கும் ஜப்பான்ல லெக்ஸஸ்னு ஒரு பிராண்டே கிடையாது, அதனால அங்கே டொயோட்டா பேர்லதான் வித்தாங்க. நம்மூர்ல ஓடுற டாடா ஹாரியரோட இதைக் குழப்பிக்காதீங்க. இலங்கை நண்பர்கள் ஜப்பான்லேர்ந்து இறக்கி ஆசையா வெச்சிருக்கிற ஹாரியர் இந்தக் குடும்பம்தான். ஆனா 2013-ல வந்த ஹாரியர்லேர்ந்து அது ஆர்எக்ஸ் இல்லாத தனி வண்டி. 'என்னோடது லெக்ஸஸ்தான், பேர்தான் வேற'ன்னு அதுக்கப்புறம் வந்த மாடலைக் காட்டி யாராவது விலை சொன்னா கொஞ்சம் சிரிச்சிட்டு நகர்ந்துடுங்க.

'இது நிஜ எஸ்யூவியே இல்லை'ன்னு கிண்டல் பண்ணவங்க உண்டு. வண்டி பிச்சுக்கிட்டுப் போச்சு. லெக்ஸஸ்லேயே அதிகம் விக்கிற வண்டி ஆச்சு. 2000-லேர்ந்து 2010 வரைக்கும் அமெரிக்காவுல அதிகம் வித்த சொகுசு பிராண்ட் லெக்ஸஸ்தான். அதுல பெரும்பங்கு ஆர்எக்ஸோடது. இன்னைக்கு எல்லா சொகுசு கம்பெனியும் இதே உருவத்துல வண்டி வெச்சிருக்குன்னா வழி போட்டது இதுதான்.

இப்போ வியாதிக்கு வருவோம்.

அந்த 3 லிட்டர் எஞ்சினுக்குப் பேர் 1எம்இசட். ரொம்ப மிருதுவா ஓடும். ஆனா 1997-லேர்ந்து 2002 வரைக்கும் வந்த வண்டிகள் சிலதுல ஒரு விநோதம். எஞ்சினுக்குள்ள ஆயில் கறுத்து, கெட்டியாகி, தார் மாதிரி படிஞ்சது. ஆயிலை உறிஞ்சுற வலை அடைச்சுக்கும். ஆயில் பிரஷர் விளக்கு எரியும். அது எரியும்போது பெரும்பாலும் கதை முடிஞ்சிருக்கும். படிக்கும்போதே உங்களுக்கு ஹார்ட் அட்டாக் ஞாபகம் வந்தா தப்பில்லை. வருஷக்கணக்கா சத்தமில்லாம படியும், ஒரு நாள் அடைக்கும்.

ஓனர்கள் டீலர்கிட்ட போனாங்க. கிடைச்ச பதில்: "நீங்க ஆயில் ஒழுங்கா மாத்தலை."

சிலர் நிஜமாவே மாத்தலைதான். ஆனா பில் வெச்சிருந்தவங்களும் வந்தாங்க. எஞ்சினைத் திறந்து பார்த்த மெக்கானிக்குகள் வேற ரெண்டு விஷயம் சொன்னாங்க. சிலிண்டர் ஹெட் பகுதி முன்னைவிட சூடா ஓடுது. உள்ளே சேர்ற ஆவி வெளியே போற பாதை குறுகலா இருக்கு. அந்தச் சூட்டுல ஆயில் வெந்துபோகுது. டொயோட்டா 2002 ஆரம்பத்துல ஓனர்களுக்குக் கடிதம் அனுப்பி, ஆயில் 'ஜெல்' ஆகுறதா ஒரு வார்த்தை போட்டு, உதவித் திட்டம் ஒண்ணு அறிவிச்சது. திட்டம் போதாதுன்னு கூச்சல் வந்ததும், சில வாரத்துலேயே அதை வண்டி வாங்கின நாள்லேர்ந்து 8 வருஷம், மைல் கணக்கு பார்க்க மாட்டோம்னு நீட்டினது. ஆர்எக்ஸ் 300 மட்டுமில்லை, கேம்ரி, சியன்னா, இஎஸ் 300 எல்லாம் சேர்த்து 30 லட்சத்துக்கு மேலான வண்டிகள் அந்தப் பட்டியல்ல. வழக்கு நடந்து 2007-லதான் சமரசம். சாதாரண ஓட்டத்துக்கு 7,500 மைலுக்கு ஒரு தடவை ஆயில்னு இருந்த அறிவுரை பிற்பாடு 5,000-ஆ இறங்கினது.

1989-ல ரெண்டு புகாரை வீடு தேடிப் போய் சரி பண்ண அதே குடும்பம் இது. பதிமூணு வருஷத்துல 'உங்க தப்பு'ன்னு ஆரம்பிக்குது.

எளிதா திட்டிட்டுப் போயிடலாம். எனக்கு வாய் வரலை. காரணம் சொல்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு பாட்டி. மூணு மாத்திரை கொடுத்தும் பிரஷர் இறங்கலை. கேஸ் ஷீட்ல நான் எழுதினது: 'மருந்து ஒழுங்கா எடுப்பதில்லை.' பாட்டி ஒவ்வொரு தடவையும் "இல்ல சாமி, தவறாம போடறேன்"னு சொல்லுவாங்க. நான் தலையாட்டிட்டு டோஸைக் கூட்டுவேன். நாலாவது மாசம் அவங்க பையிலிருந்த எல்லா மாத்திரை அட்டையையும் மேஜையில கொட்டச் சொன்னேன். மூட்டுவலிக்கு ஒரு வலிமாத்திரை, தினம் ரெண்டு வேளை. அந்த வகை மாத்திரை பிரஷரை ஏத்தும். எழுதிக் கொடுத்தது யாரு? நான்தான். பாட்டி ஒழுங்காத்தான் இருந்தாங்க.

'நோயாளி ஒத்துழைக்கலை'ங்கிறது எங்க தொழில்ல ரொம்ப வசதியான வாக்கியம். மெக்கானிக் பாஷையில அது 'ஆயில் மாத்தலை.'

சரி, அடுத்த தலைமுறை. 2003-ல ஆர்எக்ஸ் 330. அதே வருஷம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துல கேம்பிரிட்ஜ் ஊர்ல தயாரிப்பு ஆரம்பிச்சது. ஜப்பானுக்கு வெளியே கட்டின முதல் லெக்ஸஸ் அதுதான். (வண்டியோட VIN நம்பர் J-ல ஆரம்பிச்சா ஜப்பான், 2-ல ஆரம்பிச்சா கனடா. டொரன்டோ பக்கத்து நம்ம ஆளுங்க பெருமைப்பட்டுக்கலாம்.) 2005-ல ஆர்எக்ஸ் 400எச், ஹைபிரிட். சொகுசு எஸ்யூவிகள்ல முதல் ஹைபிரிட். முன்னாடி ஒரு மோட்டார், பின் சக்கரத்துக்குத் தனியா ஒண்ணு, பின் சீட்டுக்கு அடியில பேட்டரி. இதுல 2011-ல ஒரு ரீகால்: இன்வர்ட்டர் உள்ளே சில டிரான்சிஸ்டர்களோட ஈயப்பற்று சரியில்லை, ஓடும்போதே வண்டி நின்னு போகலாம்னு. சரி பண்ணிக் கொடுத்தாங்க. இந்த வண்டிகளுக்கு இப்போ இருபது வயசு. பேட்டரி மாத்தியாச்சான்னு கேக்காம தொடக்கூடாது.

2006-ல நம்ம கதாநாயகன், 2007 மாடல் ஆர்எக்ஸ் 350. எஞ்சின் புதுசு, 3.5 லிட்டர் 2ஜிஆர். பழசுக்கு 90,000 மைலுக்கு ஒரு தடவை டைமிங் பெல்ட் மாத்தணும். இதுல செயின், அந்தச் செலவு இல்லை. கசடு பிரச்சினையும் போச்சு. கேட்டா எல்லா மெக்கானிக்கும் இதைக் கும்பிடுவாங்க.

ஆனா இதுக்குள்ளேயும் ஒரு சின்ன ரப்பர் துண்டு. வால்வு திறக்கிற நேரத்தை மாத்துற அமைப்புக்கு ஆயில் கொண்டு போற குழாய் ஒண்ணு இருக்கு. ரெண்டு முனையும் உலோகம், நடுவுல கொஞ்சம் ரப்பர். வருஷக்கணக்கா எஞ்சின் சூட்டுல இருந்து அந்த ரப்பர் வெடிச்சா, மொத்த ஆயிலையும் பம்பே வெளியே தள்ளிடும், கொஞ்ச நேரத்துல. ஹைவேயில அறுபது மைல்ல போறவங்க விளக்கைப் பார்த்து ஓரங்கட்டறதுக்குள்ள எஞ்சின் போயிடலாம். வயித்துக்குள்ள வீங்கின மகாதமனி வெடிக்கிற மாதிரின்னு ஒரு டாக்டருக்குச் சொன்னா உடனே புரியும். என் நண்பன் போன்ல "ஐயோ"ன்னான்.

டொயோட்டா இதுக்கு முழுக்க உலோகத்தாலான குழாயை இலவசமா மாத்திக் கொடுத்தது. ஆனா பேரு 'ரீகால்' இல்லை, கால வரம்போட ஒரு 'சர்வீஸ் கேம்பைன்'. இங்கேதான் பழைய வண்டி வாங்குறவங்க ஏமாறுறாங்க. அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்புத் துறை இணையதளத்துல VIN நம்பர் போட்டா ரீகால் பாக்கி இருக்கான்னு இலவசமா காட்டும். ரொம்ப நல்ல வசதி. ஆனா அது காட்டுறது சட்டப்படியான பாதுகாப்பு ரீகால் மட்டும். கம்பெனி தானா செய்யுற சர்வீஸ் கேம்பைன் வராது. 15 வருஷத்துக்கு முந்தைய ரீகாலும் வராம போகலாம். அதாவது உள்ளே ரப்பர் அப்படியே இருக்க, திரையில 'பாக்கி எதுவும் இல்லை'ன்னு வரும். நார்மல் ஈசிஜியைப் பார்த்துட்டு 'ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்லை'ன்னு வீட்டுக்குப் போறவங்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு சம்பவம். இதை எழுதறப்போ எனக்கு இப்பவும் சங்கடமா இருக்கும். 2009 ஆகஸ்ட், சான் டியேகோ பக்கம். டீலர் தற்காலிகமா கொடுத்த லெக்ஸஸ் இஎஸ் 350 கார் வேகம் குறையாம ஓடி மோதினதுல நாலு பேர் இறந்தாங்க. விசாரணையில என்ன தெரிஞ்சதுன்னா, அந்தக் காருக்குள்ள போட்டிருந்த தடிமனான ரப்பர் மேட் அந்தக் காரோடதே இல்லை. ஆர்எக்ஸ் 400எச்-க்கான மேட். ஆக்ஸிலரேட்டர் மிதி அதுல மாட்டிக்கிச்சு.

இதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? அதே காரைச் சில நாள் முன்னாடி எடுத்துட்டுப் போன இன்னொருத்தருக்கும் மிதி மேட்ல மாட்டியிருக்கு. அவர் சமாளிச்சு, காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ரிசப்ஷன்ல சொல்லியிருக்கார். அந்தப் பேச்சு அங்கேயே நின்னு போச்சு.

அதுக்கப்புறம் லட்சக்கணக்கான வண்டிகளுக்கு ரீகால், எலக்ட்ரானிக்ஸ்தான் காரணமோன்னு பீதி, நாசா பொறியாளர்களை வெச்சு ஆய்வு (2011 பிப்ரவரி: எலக்ட்ரானிக்ஸ் மேல பழி போட ஆதாரம் இல்லை), கடைசியா 2014 மார்ச்ல, பாதுகாப்புப் பிரச்சினை பத்தி மக்களைத் தவறா வழிநடத்தினதுக்காக டொயோட்டா 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மேட்டும் மிதியும்தான் அதுல மையமே.

இத்தனையும் சொல்லிட்டு, 'அப்போ ஆர்எக்ஸ் மோசமா?'ன்னு கேட்டா, இல்லை. இன்னைக்கும் பழைய சொகுசு வண்டி ஒண்ணு வாங்கியே தீரணும்னா நான் இதைத்தான் முதல்ல பார்ப்பேன். ஒரே வயசுல இருக்கிற ஜெர்மன் வண்டியோட ஏர் சஸ்பென்ஷன் பில்லைப் பார்த்தவங்களுக்கு ஏன்னு தெரியும். ஆனா 'நம்பகத்தன்மை விருது'ன்னு காட்டுறாங்களே, அதை எப்படி அளக்குறாங்கன்னு கேளுங்க. பிரபலமான ஜே.டி. பவர் நம்பகத்தன்மை ஆய்வு இப்போ எடுக்கிறது மூணு வயசு வண்டி, அதுவும் முதல் ஓனர்கிட்ட கேட்டு. நூறு வண்டிக்கு எத்தனை பிரச்சினைன்னு கணக்கு. அது தப்பில்லை. ஆனா பதினெட்டு வயசு வண்டியை மூணாவது ஓனரா வாங்கப் போற என் நண்பனுக்கு அது சொல்றது ரொம்பக் கொஞ்சம். மூணு மாச டிரையலை வெச்சு இருபது வருஷத்துக்கு மருந்து எழுத முடியுமா?

'ரோட்டுல எத்தனை பழைய ஆர்எக்ஸ் ஓடுது பாருங்க'ங்கிறதும் பாதி சாட்சிதான். போய்ச் சேர்ந்தது ரோட்டுல இல்லையே. நாலு வீல் டிரைவ் ஆர்எக்ஸ் 300-கள்ல கியர்பாக்ஸ் போய் உடைப்புக் கிடங்குக்குப் போனது எத்தனையோ. அமெரிக்க மெக்கானிக்குகளுக்கு அது பழகின கதை.

அதனால நண்பன்கிட்ட சொன்னது இதுதான். பானட்டைத் திறந்து அந்தக் குழாயைப் பார், ரப்பரா உலோகமா. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து டார்ச் அடி. தேன் நிறம் பரவாயில்லை, கறுப்பு ஜெல்லி இருந்தா திரும்பிப் பார்க்காம வா. லெக்ஸஸ் டீலர் ஒருத்தர்கிட்ட VIN கொடுத்து அவங்க சிஸ்டத்துல என்னென்ன வேலை நடந்திருக்குன்னு கேளு. விக்கிறவன் சொல்ற மெக்கானிக் வேண்டாம், நீயா ஒருத்தரைப் பிடி, காசு கொடுத்து லிஃப்ட்ல ஏத்திப் பார். அந்த ஊர்ல ரோட்டுல உப்பு போடுவாங்க, அடியில துரு முக்கியம். அப்புறம் டிரைவர் சீட்டுக்குக் கீழே என்ன மேட் கிடக்குதுன்னு பார். சிரிக்காதே, பார்.

மறுநாள் அவன் வரலை, பொண்ணுதான் போயிருக்கா. வாட்ஸ்அப்ல பதினொரு போட்டோ. டாக்டர் பொண்ணு இல்லையா, ஒவ்வொண்ணுக்கும் தலைப்பு வேற. ஏழாவது போட்டோ, எஞ்சின் ஓரத்துல டார்ச் வெளிச்சம்: "அங்கிள், முழுக்க உலோகம். ரப்பர் இல்லை." மாத்தின தேதி டீலர் சிஸ்டத்துல இருந்திருக்கு. நடுவுல நாலு வருஷம் மட்டும் ஒரு பதிவும் இல்லை, அந்த ஓனர் எங்கே காட்டினார்னு யாருக்கும் தெரியலை. மூடிக்குக் கீழே தேன் நிறம். டயர் நாலும் தேய்ஞ்சிருக்கு, அதுக்குத் தனியா பேரம் பேசியிருக்கா.

வாங்கிட்டாங்க. முதல் வேலையா அவளே ஆயில் மாத்தி, மைல் கணக்கைப் போன்ல குறிச்சு வெச்சிருக்கா. பழைய மேட்டைத் தூக்கிப் போட்டுட்டு அந்த மாடலுக்கான மேட் ஆர்டர் பண்ணியிருக்காளாம், கொக்கி ரெண்டும் சரியா மாட்டுதான்னு எனக்கு ஒரு வீடியோ வேற அனுப்பினா.

கேள்வி இருந்தா கமெண்ட்ல கேளுங்க. உங்க வண்டியோட வருஷம், மாடல், மைல் மூணும் போட்டு கேளுங்க. 'நல்ல வண்டியா டாக்டர்?'னு மட்டும் கேட்டா பதில் சொல்ல மாட்டேன்.